கடைக் கணினி ஏன் கத்துகிறது?

வியாபார நண்பர்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று வருடம் முழுவதும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். "நானா, கடை கொம்பியூட்டர் பீப் பீப் என்டு கத்துது. சத்தத்த நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க" என்பதே அது. நான் உடனே வழி சொல்வதில்லை. "சத்தம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது?" என்று திருப்பிக் கேட்பேன். மறுமுனையில் சற்று மௌனம். பின்னர், "மேசைக்குக் கீழ இருந்துதான் வருது" என்பார்கள்.

மேசைக்குக் கீழே இருப்பது கணினி மாத்திரமா? சாதாரண சில்லறைக் கடையொன்றின் கெஷியர் மேசையைக் குனிந்து பாருங்கள். கணினிப் பெட்டி, யூ.பி.எஸ்., கண்காணிப்புக் கெமராக்களின் டி.வி.ஆர்., இன்டர்நெட் ரவுட்டர், மேசைமேல் பில் அடிக்கும் பிரின்டர், பார்கோட் ரீடர், வங்கி தந்த கார்ட் மெஷின் என ஏழெட்டுச் சாதனங்கள் ஒரே வயர்க் குவியலுக்குள் கிடக்கும். ரவுட்டரைத் தவிர இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வாய் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்துக்காகக் கத்தும். சில சத்தங்களைத் தீர்க்க ஐந்து சதமும் செலவாகாது. வேறு சில, உங்கள் கடன் கொப்பியும் ஸ்டொக் கணக்கும் இன்றோ நாளையோ அழியப் போகின்றன என்பதற்கான அறிவித்தல். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றுமில்லாததற்கு டெக்னீசியனுக்குக் காசு கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். கத்திய பெட்டியின் வாயை அடைத்துவிட்டுப் பின்னர் மூன்று வருடக் கணக்கைத் தொலைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பெட்டியைக் கண்டுபிடியுங்கள்

பீப் ஒலி கூர்மையானது, மிகக் குறுகிய நேரமே ஒலிப்பது. அது வரும் திசையைக் காது இலகுவில் பிரித்தறியாது. கடையில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது இது இன்னும் கடினம். கடையை மூடிய பின்னர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். புடவைக் கடைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. துணி ரோலின் நடுவிலுள்ள மட்டைக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஒவ்வொரு பெட்டிக்கும் அருகே கொண்டு சென்றால், கத்துவது எது என்பது ஓரிரு நிமிடங்களில் தெரிந்துவிடும். கணினியை முறைப்படி ஷட் டவுன் செய்த பின்னரும் சத்தம் தொடர்கிறதென்றால் கணினியின் மீது குற்றம் இல்லை.

அத்தோடு துண்டொன்றில் எழுதி வையுங்கள். எத்தனை பீப், நீளமா குட்டையா, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம், எப்போது தொடங்கியது? மின்சாரம் போய் வந்த பிறகா, கணினியை ஓன் செய்தவுடனா, தட்டச்சு செய்யும்போதா, பகல் பன்னிரண்டு மணி வெயிலிலா? எழுதச் சோம்பலாக இருந்தால் கைத்தொலைபேசியில் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். டெக்னீசியன் வரும் நேரத்தில் மாத்திரம் பெட்டி சமர்த்தாக இருந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம்தானே.

யூ.பி.எஸ்.ஸின் முறைப்பாடு

"கொம்பியூட்டர் கத்துகிறது" என்று என்னிடம் வந்தவற்றில் அதிகமானவை யூ.பி.எஸ்.ஸின் சத்தம்தான். சிறிய யூ.பி.எஸ்.கள் அநேகமாக ஒரே மொழியைத்தான் பேசும். மின்சாரம் போய் பெட்டரியில் ஓடும்போது இடைவெளி விட்டு பீப் அடிக்கும். பெட்டரி முடியப் போகும்போது இடைவெளி குறைந்து அவசரமாக அடிக்கும். தாங்கக்கூடிய அளவை விட அதிகப் பாரம் ஏற்றப்பட்டால் நிறுத்தாமல் ஒரே நீட்டாக அலறும். கம்பனிக்குக் கம்பனி சிறு வேறுபாடுகள் உண்டு. உங்கள் மாதிரிக்கு உரியதைக் கையேட்டில் பார்த்து ஒரு துண்டில் எழுதி யூ.பி.எஸ்.ஸின் தலையில் ஒட்டிவிடுங்கள்.

மின்சாரம் இருக்கும்போதே யூ.பி.எஸ். கத்தினால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று பாரம். லேசர் பிரின்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டி வைத்திருப்பார்கள். அதனுள்ளே மையைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் சூடாக்கி இருக்கிறது. அது சூடேறும் விநாடிகளில் இழுக்கும் மின்சாரம் சிறிய யூ.பி.எஸ். தாங்கக்கூடியதல்ல. பிரின்ட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அலறினால் காரணம் இதுவே. பிரின்டரின் வயரைக் கழற்றி நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் மாட்டுங்கள், பிரச்சினை முடிந்தது. மற்றது பெட்டரியின் வயது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணித்தியால ஈய அமிலப் பெட்டரி. அதன் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடங்கள். அது சுமார் 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கான கணக்கு. வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக் கடையில், காற்றோட்டமில்லாத மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டரி இரண்டு வருடத்தில் முடிந்தால் விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. இரவு கடையை மூடும்போது பாதுகாப்புக் கருதி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம்தான். யூ.பி.எஸ்.ஸுக்கு இது புரியாது. மின்சாரம் தடைப்பட்டுவிட்டது என்றே அது எண்ணும். ஆளில்லாத கடைக்குள் இருந்து பீப் அடித்து அடித்துப் பெட்டரியை அடிமட்டம் வரை வற்றச் செய்துவிடும். ஒவ்வொரு இரவும் இப்படி வற்றிய ஈயப் பெட்டரி விரைவில் செத்துப்போகும். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பெட்டரி மாத்துறேன்" என்று அலுத்துக்கொண்ட பலசரக்கு வியாபாரி ஒருவருக்கு நான் சொன்னது, மெயின் சுவிட்சுக்கு முன்னர் யூ.பி.எஸ்.ஸை அதன் சொந்தப் பொத்தானால் அணையுங்கள் என்பது மாத்திரமே. அந்தப் பெட்டரி இரண்டு வருடத்தையும் தாண்டி ஓடியது.

2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இருக்கவில்லை. முழுமையாக ஏறுவதற்கு முன்னரே மீண்டும் மீண்டும் வற்றியதால் அந்த வருடம் செத்த யூ.பி.எஸ். பெட்டரிகளுக்குக் கணக்கில்லை. பெட்டரி செத்த யூ.பி.எஸ். வெறும் பிளக் பேஸ்தான். அது கத்துவதை நிறுத்த மியூட் பொத்தானை அழுத்திவிட்டு வியாபாரத்தைத் தொடர்வீர்களானால், அடுத்த மின்தடையின்போது கணினி பட்டென்று அணையும். அந்நேரம் பில் ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தால் கணக்குக் கோப்பே பழுதாகலாம். யூ.பி.எஸ். இருப்பது இருட்டில் வியாபாரம் செய்வதற்காக அல்ல. கையிலுள்ள பில்லை முடித்து, கணினியை முறைப்படி அணைப்பதற்குச் சில நிமிடங்கள் தருவதற்காகவே.

டி.வி.ஆர்.ரும் ஹார்ட் டிஸ்கும்

அடுத்த சந்தேக நபர் கெமராக்களின் டி.வி.ஆர். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பழுதானால் அல்லது அதன் வயர் கழன்றால் பல டி.வி.ஆர்.கள் விடாமல் பீப் அடிக்கும். திரையில் கெமராப் படங்கள் வழமை போலத் தெரிந்துகொண்டிருப்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் எதுவும் பதிவாகாது. மெனுவுக்குள் சென்று பஸரை நிறுத்திவிட்டால் சத்தம் போய்விடும், பதிவு திரும்பி வராது. களவு போன பின்னர் பொலிஸில் கொடுக்கப் பதிவைத் தேடும்போதுதான் விடயம் வெளிவரும். டி.வி.ஆர். கத்தினால் நேற்றைய தினத்தின் ஏதாவதொரு மணித்தியாலத்தைத் திருப்பி ஓடவிட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் டிஸ்கைக் கவனிக்க வேண்டும்.

கணினியின் ஹார்ட் டிஸ்குக்கு ஸ்பீக்கர் கிடையாது. ஆயினும் அதன் மோட்டார் சுழல முடியாமல் சிக்கிக்கொண்டால், தொடங்க முயன்று முயன்று தோற்கும் சத்தம் மெல்லிய பீப் போலவே கேட்கும். யூ.எஸ்.பி. வயரில் மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்கில் இதனை அதிகம் காணலாம். அங்கே காரணம் போதிய மின்சாரம் கிடைக்காததாகவும் இருக்கலாம். நீட்டு வயரையும் ஹப்பையும் விட்டு, கணினியின் பின்புறத் துளையில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அப்போதும் அதே சத்தமென்றால் மீண்டும் மீண்டும் மாட்டிக் கழற்றிச் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளே இருப்பதை மேலும் கெடுக்கலாம்.

சற்றுப் பெரிய கடைகளில் சேர்வர் ஒன்று இருக்கும். அதில் ஒரே கணக்கை இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் முறை இருக்கலாம். இரண்டில் ஒன்று செத்தால் அதன் கார்ட் அலறும். மற்ற டிஸ்கில் எல்லாம் வழமை போல ஓடும். இங்கேதான் ஆபத்து. "வேலை செய்யுதுதானே" என்று அலறலை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஒற்றை டிஸ்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவு ஓடிய இரண்டு டிஸ்குகளில் ஒன்று போனால் மற்றதன் வயதும் அதுவே என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அலறல் கேட்ட அன்றே கணக்கின் பிரதியொன்றை வெளியே எடுக்க வேண்டும். டிஸ்க் மாற்றுவது அதற்குப் பிறகு.

ஓன் செய்தவுடன் வரும் பீப்

இனிக் கணினிக்கு வருவோம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதல் பி.சி.யை வெளியிட்டபோதே அதன் பெட்டிக்குள் சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வைத்திருந்தது. கணினி உயிர்பெற்றதும் பயொஸ் எனும் சிறு நிரல் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் சரியென்றால் குட்டையாக ஒரு பீப். திரையை இயக்கும் பகுதியே பழுதென்றால் திரையில் எழுதிக் காட்ட முடியாது. அப்போது பேசுவதற்கு இருக்கும் ஒரே வாய் அந்த ஸ்பீக்கர்தான். திரை கறுப்பாக இருந்து பீப் மாத்திரம் வந்தால் அதை எண்ண வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரே எண்ணிக்கைக்கு எல்லாக் கணினியிலும் ஒரே அர்த்தம் இல்லை. எவார்ட் பயொஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் திரை கார்ட். ஏ.எம்.ஐ. பயொஸில் மூன்று குட்டை என்றால் ரெம் எனும் நினைவகம். பாவித்த நிலையில் இறக்குமதியாகி நம் நாட்டில் விற்கப்படும் டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினிகள் பலவற்றில் ஐந்து பீப் என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பெட்டரி முடிந்துவிட்டது. பழைய எச்.பி. கொம்பெக் கணினிகளிலோ சிவப்பு விளக்கு ஐந்து முறை சிமிட்டி ஐந்து பீப் அடித்தால் அது ரெம் கோளாறு. ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் சீ.ஆர். 2032 பெட்டரி, மற்றது ரெம். யாரோ ஒருவர் "அஞ்சு பீப் எண்டா இதுதான்" என்று சொன்னதை நம்பிக் காசை இறைக்காமல், பெட்டியில் எழுதியிருக்கும் மாதிரி இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். புதிய கணினிகள் பலவற்றில் ஸ்பீக்கரே இல்லை. மதர்போர்டில் சிறு விளக்குகள் அந்த வேலையைச் செய்கின்றன. மதர்போர்டில் ஸ்பீக்கருக்குரிய ஊசிகள் இருந்தால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் உதிரிப்பாகம் விற்பவர்களிடம் கேட்டு ஒரு சிறு பஸரை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். நான் அமைக்கும் கணினிகளில் அதனைக் கட்டாயம் பொருத்துவேன்.

ரெம் கோளாறு என்று தெரிந்தால் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. நமது காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். ரெம்மின் தொடுமுனைகளில் படிவு ஏற்பட்டாலே கணினி கத்தும். மின் வயரைக் கழற்றுங்கள். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை வெளியேற்றுங்கள். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு ரெம்மைக் கழற்றுங்கள். தொடுமுனைகளைச் சுத்தமான அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, இரு பக்கக் கிளிப்பும் "கிளிக்" என்று பூட்டும் வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரெம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இதற்கு ஆளைக் கூப்பிடலாம். பத்து நிமிட வேலை என்று தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

காசுப் பெட்டரியை அலட்சியம் செய்யவும் கூடாது. அது செத்தால் ஒவ்வொரு காலையும் கணினியின் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். பில்லில் தவறான திகதி விழும். வங்கியின் இணையப் பக்கம் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். காரணம் தெரியாமல் இன்டர்நெட் கம்பனிக்கு ஃபோன் செய்து சண்டை பிடித்தவர்கள் உண்டு.

நடுப்பகலில் தொடங்கும் அலறல்

காலையில் நன்றாக ஓடிய கணினி பகலில் ஏற்ற இறக்கமாகச் சைரன் போல ஒலித்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். புரொசெசரின் மேல் உலோகத் தகடுகளும் விசிறியும் இருக்கும். புடவைக் கடைகளில் பஞ்சும், மா அரிசிக் கடைகளில் மாவும், ஹார்ட்வெயார் கடைகளில் சீமெந்துத் தூசும் அந்தத் தகடுகளுக்கிடையில் போர்வை போல அடைத்துக்கொள்ளும். சுமார் 100 பாகையை நெருங்கும்போது பல புரொசெசர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும். விசிறியின் இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் தூசை எடுங்கள். பெட்டியை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். யாராவது திருத்திக் கொடுத்த மறுநாளே இந்த அலறல் தொடங்கியிருந்தால், விசிறியின் வயரை மதர்போர்டில் வேறு இடத்தில் மாட்டியிருப்பார்கள். விசிறி சுற்றும், ஆனால் சுற்றவில்லை என்று பயொஸ் எண்ணி எச்சரிக்கும்.

விசைப்பலகையும் ஒரு பையனின் பெயரும்

மொத்த வியாபாரக் கடையொன்றில் இரண்டு மாதமாக ஸ்டொக் குறைந்தது. பில் போடும் பையன் மீது முதலாளிக்குச் சந்தேகம். பையனை நிறுத்துவதென்று முடிவாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. கீபோர்ட் அடிக்கும்போதெல்லாம் பீப் வருகிறது, புதுப் பையன் வருவதற்கு முன் அதைச் சரி செய்து தாருங்கள் என்றார்கள். குறைந்த பொருட்களின் பில்களை வாங்கிப் பார்த்தேன். 11 பெட்டி போனது 1 என்றும், 22 போனது 2 என்றும், 100 போனது 10 என்றும் விழுந்திருந்தன. 12, 35, 48 எல்லாம் சரியாகவே இருந்தன. களவெடுப்பவன் ஒரே இலக்கம் அடுத்தடுத்து வரும் எண்ணிக்கைகளை மாத்திரம் தேடி எடுப்பானா?

வின்டோஸில் ஃபில்டர் கீஸ் என்றொரு வசதி இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள் ஒரே விசையைத் தவறுதலாக இரண்டு முறை அழுத்திவிடுவார்கள் என்பதால், விரைவாக வரும் இரண்டாவது அழுத்தத்தைக் கணக்கிலெடுக்காமல் விடும்படி அதனை அமைக்கலாம். அவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் வலது பக்க ஷிஃப்ட் விசையை எட்டு விநாடிகள் அழுத்திப் பிடித்தாலே அது இயங்கத் தொடங்கும். அந்தக் கடையில் பில் கொப்பியைக் கீபோர்டின் வலது ஓரத்தில் சாய்த்து வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த பீப், விசை ஏற்கப்பட்டது என்பதற்கான ஒலி. வேகமாக 11 அடிக்கும்போது இரண்டு விரலடிக்கு ஒரு பீப்தான் வந்திருக்கும். அதை யார் எண்ணினார்கள்? முதலாளியை அருகில் நிறுத்தி 100 என்று வேகமாக அடித்துக் காட்டினேன். திரையில் 10 விழுந்தது. பையன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான்.

இதே குடும்பத்தில் டொகிள் கீஸ் என்ற இன்னொன்றும் உண்டு. நம் லொக் விசையை ஐந்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் வரும். அதன்பின் கெப்ஸ் லொக், நம் லொக் அழுத்தும்போதெல்லாம் பீப். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ். வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று எக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்ட் என்ற இடத்தில் மூன்றையும் அணைக்கலாம். வின்டோஸ் 10இல் அந்தப் பகுதியின் பெயர் ஈஸ் ஒஃப் எக்செஸ். அங்கேயே குறுக்கு விசையையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் கொப்பி மீண்டும் ஷிஃப்டின் மேல் சாயும். கணினி தொடங்கும்போதே விடாமல் பீப் அடித்தால் கீபோர்டின் மேல் ஏதாவது கிடக்கிறதா, விசையொன்று தேநீர் சிந்தி ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள்.

வின்டோஸ் எழுப்பும் இன்னொரு சத்தம் "டிடிங்" என்று ஏறி இறங்கும். யூ.எஸ்.பி. சாதனம் ஒன்று இணைந்து, விலகி, மீண்டும் இணைகிறது என்பதே அதன் பொருள். பார்கோட் ரீடரின் வயரோ பில் பிரின்டரின் வயரோ தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறது என்று பாருங்கள். ரீடர் பீப் அடித்தும் பொருள் திரையில் விழாவிட்டால் அது கோட்டை வாசித்துவிட்டது, கணினிக்குச் சொல்லத்தான் முடியவில்லை. வயரைப் பாருங்கள், அல்லது மவுஸின் குறி வேறு கட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மோசடி பீப்

இணையத்தில் ஏதோ தேடும்போது திரை முழுவதும் சிவப்பாகி, பெரிய பீப் ஒலியுடன் "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று வந்தால் அது உங்கள் கணினியின் குரல் அல்ல. யாரோ செய்துவைத்த இணையப் பக்கம். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் தூரத்திலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைய அனுமதி கேட்பார். பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். அழைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும், அதில் பிரவுசரை மூடுங்கள். முடியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். பணிபுரியும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் முதலாளி இல்லாத நேரத்தில்தான் இது வரும்.

சத்தத்தை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால்

இவை ஒன்றுமில்லை, பிழையான விசை அழுத்தியதற்கு வின்டோஸ் எழுப்பும் சாதாரண ஒலிதான் என்று உறுதியான பின்னர் அதை நிறுத்தலாம். கொன்ட்ரோல் பெனலில் சவுண்ட் பகுதிக்குச் சென்று சவுண்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் "நோ சவுண்ட்ஸ்" என்பதைத் தெரிவு செய்தால் போதும். வின்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் இந்த பீப் மதர்போர்டின் ஸ்பீக்கரிலிருந்தே வந்தது. அத்தகைய பழைய கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மெனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, பீப் என்பதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். வின்டோஸ் 7 முதல் அது சாதாரண ஸ்பீக்கருக்கு மாற்றப்பட்டுவிட்டதால் ஒலியளவைக் குறைத்தாலே போதும். ஓன் செய்யும்போது வரும் பீப்பை வின்டோஸால் நிறுத்த முடியாது. அதை நிறுத்துவதற்காக ஸ்பீக்கரின் வயரைக் கழற்றும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கணினியைத் திருத்தக் கொடுக்க வேண்டி வந்தால், அது ஓடும் நிலையில் இருக்குமானால் கணக்குக் கோப்புகளை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து ஒன்றை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். ஓடாத நிலையென்றால், பீப்பைத் திருத்த ஹார்ட் டிஸ்க் தேவையில்லை, அதைக் கழற்றித் தந்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டு போங்கள் என்று கேட்கலாம். ரெம், திரை கார்ட், பவர் சப்ளை போன்ற கோளாறுகளுக்கு இது பொருந்தும், நல்ல டெக்னீசியன் மறுக்கமாட்டார். எழுதி வைத்த துண்டையும் கைத்தொலைபேசிப் பதிவையும் அவரிடம் கொடுங்கள். மாற்றிய பாகம் எதுவோ, பழையதைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி, பில்லில் அதன் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள்.